புள்ளி எண் 7

போயிங் 747 விமானம் 1970-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது, விமானிகளின் முழங்கைக்கருகே சின்னதாக ஒரு பெட்டி இருந்தது. எண் பொத்தான்கள், மேலே ஒளிரும் இலக்கங்கள். கரோசல் ஃபோர் என்று பெயர். புறப்படும் முன் கையிலுள்ள தாளைப் பார்த்து அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஒவ்வொன்றாக அதில் தட்ட வேண்டும். ஒன்பது இடங்கள் வரை அது நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் இடத்தைத் தாண்டியதும் இரண்டாவதை நோக்கி விமானத்தைத் திருப்பும், பிறகு மூன்றாவது. நீண்ட கடல் பயணத்தில் கடந்துபோன இடங்களின் மேலேயே அடுத்த இடங்களை எழுதிக்கொண்டு போவார்கள்.

இன்று ஏரிக்கரையில் நின்று ட்ரோன் விடும் கேமராக்காரர் போன் திரையில் தொட்டுத் தொட்டு வைக்கிற வேபாயிண்ட், அந்தப் பெட்டிக்குள் இருந்த அதே சரக்குதான். இடம் என்று நாம் நினைப்பதை எந்திரத்துக்குப் புரிகிற எண்களாக மாற்றியது. அப்போது அதைத் தட்டுவதற்கு விமானி உரிமம் வேண்டும். இப்போது ஒரு ஆப் போதும். ஆனால் அந்த எண் பிறந்து, வளர்ந்து, வானத்தில் போய்ச் சேரும் வழியில் எங்கெல்லாம் தடுக்கி விழும் என்பது பெரிதாக மாறிவிடவில்லை.

தடுக்கி விழுந்ததில் மிகக் கொடூரமானது 1979 நவம்பர் 28 அன்று நடந்தது. ஏர் நியூசிலாந்தின் டிசி-10 விமானம் ஆக்லாந்திலிருந்து அண்டார்க்டிகாவைச் சுற்றிக் காட்டக் கிளம்பியது. அந்தப் பயணத் திட்டத்தை முன்பு முதன்முதலாகக் கணினியில் ஏற்றியபோது, கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகையில் 166 என்று இருக்க வேண்டிய இடத்தில் 164 என்று விழுந்திருந்தது. ஒரே ஓர் இலக்கம். அந்தப் பிழையோடு பதினான்கு மாதம் ஓடியது. வினோதம் என்னவென்றால், பிழையான எண் விமானத்தை மக்மர்டோ விரிகுடாவின் சமதளத்துக்கு மேல் பத்திரமாகக் கொண்டுபோனது. விமானிகளுக்குப் பாடமெடுத்ததும் அந்தப் பாதையைக் காட்டித்தான். பயணத்தன்று விடிகாலையில் யாரோ பிழையைக் கண்டு திருத்தினார்கள், விமானிகளிடம் சொல்லவில்லை. புள்ளி கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் நகர்ந்து எரபஸ் எரிமலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. வெண்பனியும் வெண்மேகமும் ஒன்றாகத் தெரிந்த வெளிச்சத்தில் மலை கண்ணுக்குப் படவேயில்லை. 257 பேரும் இறந்தார்கள்.

தானியங்கி விமானம் இடத்துக்குப் போவதில்லை, எண்ணுக்குப் போகிறது. அந்த எண்ணும் நாம் மனத்தில் வைத்திருக்கும் இடமும் ஒன்றுதான் என்று சரிபார்ப்பதற்கே வேபாயிண்ட் வேலையில் முக்கால்வாசி நேரம் போகிறது, அல்லது போக வேண்டும். மிச்சம் கால்வாசிதான் அழகான படம்.

நான்கு வருடம் கழித்து, 1983 செப்டம்பர் 1, இன்னொரு சம்பவம். அங்கரேஜிலிருந்து சியோலுக்குப் பறந்த கொரிய 747 விமானத்தில் புள்ளிகள் சரியாகத்தான் ஏற்றப்பட்டிருந்தன. ஆனால் தானியங்கி அவற்றைப் பின்பற்றாமல், திசைகாட்டி சொன்ன ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. விமானிகள் கவனிக்கவில்லை என்பதுதான் பின்னாளில் சர்வதேச விசாரணை எட்டிய முடிவு. விமானம் சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்தது, சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர். இரண்டு வாரத்தில் அமெரிக்க அதிபர் ரீகனின் அலுவலகம் அறிவித்தது: ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ், முடிந்ததும் பொதுப் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்படும்.

திறந்துவிட்டார்கள், ஆனால் வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்து. 2000-ஆம் ஆண்டு வரை சாதாரண மக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் திட்டமிட்டுப் பிழை கலந்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 1 நள்ளிரவில் கிளிண்டன் அரசு அதை நிறுத்தியது. ஒரே ராத்திரியில் உலகத்தில் இருந்த எல்லா ஜிபிஎஸ் கருவிகளும் பலமடங்கு துல்லியமாகின. அந்த ராத்திரி இல்லாமல் கேமரா ட்ரோன் இல்லை. நூறு மீட்டர் தள்ளிப் போகிற ட்ரோனை வைத்துக்கொண்டு கோபுரத்தைச் சுற்றிப் படமெடுக்க யார் துணிவார்கள்?

அதற்குப் பிறகு புள்ளி ராணுவ, விமான நிறுவனக் கைகளிலிருந்து நழுவிப் பொழுதுபோக்குக்காரர்களிடம் வந்துவிட்டது. பிரான்சின் துலூஸ் நகரில் விமானப் போக்குவரத்துப் பொறியியல் படிப்பிக்கும் ஈனாக் கல்லூரியில் பாஸ்கல் பிரிசே, ஆந்துவான் துருவான் இருவரும் 2003-ல் பாப்பராஸி என்ற திறந்தமூலத் தானியங்கியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் வயர்ட் இதழின் ஆசிரியராக இருந்த கிறிஸ் ஆண்டர்சன் 2007-ல், பிள்ளைகளோடு லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் வைத்துப் பறக்கும் தானியங்கி ஒன்றைச் செய்து பார்த்த கையோடு, டிஐஒய் ட்ரோன்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். அதில் சேர்ந்த ஜோர்டி முன்யோஸ் டிஹுவானாவில் வளர்ந்த இளைஞர். விளையாட்டுக் கருவியிலிருந்து கழற்றிய உணரிகளைக் கொண்டு ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து 2009-ல் த்ரீடி ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். அதே 2009-ல் சூரிக் ஈடிஹெச்-ல் மாணவராக இருந்த லோரன்ஸ் மையர், ட்ரோனும் தரைக் கணினியும் பேசிக்கொள்வதற்கு மேவ்லிங்க் என்ற மொழியை வெளியிட்டார். இன்றும் ஆர்டுபைலட், பிஎக்ஸ்4 வகை ட்ரோன்கள் பேசுவது அந்த மொழிதான்.

அந்தக் காலத்துத் திட்டக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால் மனசுக்குப் பிடித்துவிடும். வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கும். முதல் வரியில் க்யூஜிசி டபிள்யூபிஎல் 110 என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் வரிக்கு ஒரு புள்ளி, வரிக்குப் பன்னிரண்டு எண்கள். நான்காவது எண் கட்டளை: 22 என்றால் மேலே கிளம்பு, 16 என்றால் இந்தப் புள்ளிக்குப் போ, 20 என்றால் வீட்டுக்குத் திரும்பு. மூன்றாவது எண்தான் ஆளை விழுங்குவது. அது, கடைசிக்கு முன்னால் வரும் உயரத்தை எதிலிருந்து அளப்பது என்று சொல்கிறது. 0 என்றால் கடல்மட்டத்திலிருந்து. 3 என்றால் கிளம்பிய இடத்திலிருந்து. 10 என்றால் அந்தந்த இடத்துத் தரையிலிருந்து. வரியில் 40 என்று உயரம் இருக்கிறது. முன்னால் இருப்பது 0 ஆகவும் நாம் நிற்பது ஊட்டியாகவும் இருந்தால், அந்த 40 நமக்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் கீழே, மண்ணுக்குள் இருக்கிறது.

இந்தக் கோப்பை உண்டாக்க முதலில் மடிக்கணினி வேண்டியிருந்தது. மைக்கேல் ஓபோர்ன் எழுதிய மிஷன் பிளானரை வயலுக்கு நடுவே காரின் பானெட் மேல் வைத்துக்கொண்டு, வெயிலில் திரை தெரியாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு வேலை பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. ஆர்தர் பெனமன் எழுதிய ட்ராய்ட்பிளானர், பின்னாளில் டவர் என்று பெயர் மாறி, அதே வேலையை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்தது. விரலால் கோடு இழுத்தால் கோட்டின் மேல் புள்ளிகள் தாமே முளைக்கும்.

கடைத்தெருவுக்கு அதைக் கொண்டுவந்தது ஷென்ஜென் நகரத்து டிஜேஐ. 2014-ல் ஃபாண்டம் 2 விஷன் பிளஸ் ட்ரோனுக்கு வந்த புதுப்பிப்பில் போன் வரைபடத்தில் 16 புள்ளிகள் வரை வைக்கலாம் என்றானது. அதே வருடம் நவம்பரில் நிறுவனம் தன் ட்ரோன்களுக்கு வெளியாட்கள் ஆப் எழுதுவதற்கான மென்பொருள் கருவிப்பெட்டியை வெளியிட்டது. விசேஷம் என்னவென்றால், அடுத்த ஆண்டு ஃபாண்டம் 3 ட்ரோனுக்கு டிஜேஐயின் சொந்த ஆப்பில் வேபாயிண்ட் வந்தபோது, வரைபடத்தைத் தொட்டுப் புள்ளி வைக்க முடியாது. ட்ரோனை நாமே ஓட்டிக்கொண்டு போய் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திப் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு அது தானாகத் திரும்ப ஓடும். பலர் இதைக் குறை சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. ஒருமுறை கண்ணால் பார்த்துப் பறந்த பாதையில் மின்கம்பி இல்லை என்பது உறுதி.

வரைபடத்தில் தொடும் சுதந்திரத்தைக் கொடுத்தது லண்டனைச் சேர்ந்த விசி டெக்னாலஜியின் லிட்சி ஆப். போனில் மட்டுமல்ல, வீட்டில் கணினியில் உட்கார்ந்து மவுஸ் வைத்தே திட்டம் போட்டுவிட்டு, களத்தில் போனில் இறக்கிக்கொள்ளலாம். நிலத்தை அளப்பவர்களுக்கு பிக்ஸ்4டிகேப்சர், ட்ரோன்டிப்ளாய் போன்றவை வந்தன. அவற்றில் புள்ளியைக்கூட நாம் வைப்பதில்லை. வயலின் எல்லையை வரைந்து, படங்கள் ஒன்றின் மேல் ஒன்று எத்தனை விழுக்காடு படிய வேண்டும் என்று சொன்னால் போதும். ஏர் உழுவதுபோலப் போய்ப்போய்த் திரும்பும் பாதையை ஆப்பே போட்டுக்கொள்ளும். 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் இந்திய நில அளவைத் துறை கிராமக் குடியிருப்புகளைப் படமெடுப்பது இந்த வகையில்தான்.

இனி ஒரே ஒரு புள்ளியோடு நடப்போம். மதுராந்தகம் ஏரியின் நீண்ட கரை. ஒரு கோடியில் தொடங்கி, பனைகளுக்கு மேலாகப் போய், மதகைத் தாண்டித் தண்ணீரின் மேல் திரும்பி வருகிற ஒரு காட்சி. ஒன்பது புள்ளி. அதில் ஏழாவது, மதகுக்கு நேர் மேலே, 40 மீட்டர் உயரம்.

புள்ளி வைப்பதற்கு முன்னால் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம்; விமான நிலையச் சுற்றளவிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான் பச்சை. மஞ்சள், சிவப்பு என்றால் அனுமதியில்லாமல் பேச்சே இல்லை. நிறம் மாறிக்கொண்டும் இருக்கும். போன மாதம் பார்த்தேன் என்பது கணக்கில் வராது.

விரல் திரையைத் தொடுகிறது. ஆப்புக்குத் தெரிவது திரையில் எத்தனையாவது புள்ளித்துகள் என்பது மட்டும். அதைக் கணக்குப் போட்டு அட்சரேகை 12.5 சொச்சம், தீர்க்கரேகை 79.9-க்கு அருகே என்று மாற்றுகிறது. தசமத்துக்குப் பின் ஆறு, ஏழு இலக்கங்கள் வரும். ஆறாவது இலக்கம் பதினோரு சென்டிமீட்டருக்குச் சமம். இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓரளவு பெரிதாக்கிய வரைபடத்தில் விரல் நுனிக்கு அடியில் இருபது மீட்டர் தரை அடங்கிவிடும். அந்த வரைபடமே விண்கோள் படம். அது நிலத்தின் மேல் சில மீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம். சாய்வாக எடுத்த படத்தில் உயரமான கட்டடத்தின் மொட்டைமாடி அதன் அஸ்திவாரத்திலிருந்து விலகித் தெரியும். மாடியைத் தொட்டு வைத்த புள்ளி, பக்கத்து வீட்டுக்காரருடைய வானத்தில் போய் நிற்கும்.

சீனாவில் இந்த விலகல் சட்டப்படியே உண்டு. அங்கே வெளியாகும் வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற முறையில் வேண்டுமென்றே நூற்றுக்கணக்கான மீட்டர் வரை தள்ளி வைக்கப்பட்டவை. உலகத்தின் கேமரா ட்ரோன்களில் பெரும்பகுதியைச் செய்கிற ஊரில், வரைபடத்தில் தொட்ட இடத்துக்கு ட்ரோன் நேராகப் போக வேண்டுமானால் ஆப் முதலில் அந்தத் தள்ளலைக் கழிக்க வேண்டும்.

நம்மூருக்கென்றே ஒரு சின்ன வில்லங்கம் இருந்தது. மேவ்லிங்க் மொழியில் பழைய புள்ளிச் செய்தி, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் 32 பிட் தசம எண்ணாக அனுப்பும். அந்த வகை எண்ணில் மதிப்பு பெரிதாகப் பெரிதாகத் துல்லியம் குறையும். 8-க்கும் 16-க்கும் நடுவே உள்ள எண்ணை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் படிகளில் சொல்லலாம். தமிழ்நாட்டின் அட்சரேகை முழுக்க அதற்குள் வந்துவிடும். ஆனால் 64-ஐத் தாண்டினால் படி எட்டு மடங்கு பெரிசு. நம் தீர்க்கரேகை 76-லிருந்து 80 வரை. ஆக, ஏழாம் புள்ளியை வடக்கு தெற்காக அரைச் சாண் கணக்கில் நகர்த்தலாம். கிழக்கு மேற்காக ஒரே தாவில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல். தீர்க்கரேகை பூஜ்யத்தை ஒட்டிய லண்டனில் இந்தத் தொல்லை கிடையாது. பிறகு எண்ணை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக அனுப்பும் செய்தி வந்தது. படி ஒரு சென்டிமீட்டர் ஆனது.

அடுத்து உயரம். இது தனிக் கதை.

ஜிபிஎஸ் சொல்லும் உயரம், பூமியைச் சீரான முட்டை வடிவமாகப் பாவித்து அதிலிருந்து அளப்பது. உண்மையான கடல்மட்டம் அந்த முட்டையோடு ஒட்டாது. ஈர்ப்பு கூடக்குறைய மேடும் பள்ளமுமாக இருக்கும். பூமியிலேயே ஆகப் பெரிய பள்ளம் நம் பக்கத்தில், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது: 106 மீட்டர். அதன் ஓரச் சரிவில்தான் தமிழகக் கடற்கரையும் இருப்பதால், கரையில் கால் நனைய நின்றுகொண்டு முட்டை வடிவக் கணக்கில் உயரம் பார்த்தால் எண்பது, தொண்ணூறு மீட்டர் கீழே இருப்பதாகக் கருவி சொல்லும். நில அளவைத் திட்டத்தில் எந்த உயரம் என்று கேட்காமல் எண்ணைப் போட்டவர்களுக்கு அந்தத் தொண்ணூறு மீட்டர் பெரிய தலைவலி.

கேமரா ட்ரோன் இந்தச் சிக்கலை ஓர் எளிய தந்திரத்தால் தாண்டுகிறது. கிளம்பும் இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறது. உயரத்தை முக்கியமாகக் காற்றழுத்தத்தை வைத்து அளக்கிறது. தரை அருகே எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். நம் பக்கத்தில் காலை பத்து மணிவாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை நான்குக்குத் தாழ்ந்துவிடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பூஜ்யம் புதிதாக வைக்கப்படுவதால் இது பெரிதாகப் பாதிக்காது. இருபது நிமிடப் பறப்பில் ஒன்றிரண்டு மீட்டர் ஏமாற்றலாம், அவ்வளவுதான்.

ஆனால் தந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ஏழாம் புள்ளியின் 40 மீட்டர் என்பது மதகுக்கு மேல் நாற்பது அல்ல. கிளம்பிய இடத்துக்கு மேல் நாற்பது. கரை மேட்டிலிருந்து கிளம்பினால் ஓர் உயரம். கரைக்குக் கீழே வயல் வரப்பிலிருந்து கிளம்பினால், அதே கோப்பு, அதே எண், ட்ரோன் ஏழெட்டு மீட்டர் தாழ்ந்து பறக்கும்; பனந்தலைகள் அங்கே காத்திருக்கும். மலைப்பகுதியில் இந்த வித்தியாசம் நூறு மீட்டரைத் தாண்டிவிடும். கொடைக்கானல் சரிவில் மேலிருந்து போட்ட திட்டத்தைக் கீழிருந்து பறக்கவிடுவது, ட்ரோனை நேராக மலையில் அறைவதற்குச் சமம்.

தரையிலிருந்து இத்தனை மீட்டர் என்று சொல்லும் வசதியும் லிட்சி போன்றவற்றில் உண்டு. இணையத்தில் உள்ள தரை உயரத் தரவை எடுத்து ஒவ்வொரு புள்ளிக்கும் கூட்டிக் கழித்துக் கொடுக்கும். இவ்வகைத் தரவில் மிகப் பரவலானது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ஓடம் பதினோரு நாள் சுற்றி ராடாரால் அளந்தது. 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் உயரம். அடர்ந்த மரக்கூட்டத்தின் மேற்பரப்பைப் பாதி தரையாகவே அது எண்ணியிருக்கும். செல்போன் டவரை அது பார்க்கவேயில்லை. நம் ஏரிக்கரையில் நிற்கிற டவரோ 2000-க்குப் பிறகு முளைத்ததாகவும் இருக்கும். தரவை நம்பலாம், ஆனால் போய்க் கழுத்தை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு நம்பலாம்.

இடமும் உயரமும் ஆனபிறகு புள்ளிக்குக் குணங்கள் சேரும். ட்ரோனின் மூக்கு எந்தத் திசையில், கேமரா எவ்வளவு குனிந்து, அடுத்த புள்ளி வரை என்ன வேகம். ஆறாம் புள்ளியில் கேமரா நேரே முன்னால் பார்க்கிறது, ஏழில் செங்குத்தாகக் கீழே மதகைப் பார்க்க வேண்டும் என்றால், நடுவில் உள்ள தூரத்தில் ஆப் அதை மெல்லமெல்லக் குனிய வைக்கும். இரண்டுக்கும் நடுவே முப்பது மீட்டர்தான் என்று விட்டு வேகத்தையும் கூட்டினால் கேமரா தலையைத் தொப்பென்று போடும், பார்ப்பவர்களுக்குக் குமட்டும். கல்யாண வீடியோக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். புள்ளிகளைக் கூட்டினால் காட்சி அழகாகும் என்பது புதிதாக வந்தவர்களின் நம்பிக்கை. டிஜேஐயின் பழைய முறையில் ஒரு பறப்புக்கு 99 புள்ளி வரை இடமுண்டு என்பதற்காக எல்லாவற்றையும் வைக்க வேண்டியதில்லை. நல்ல காட்சிக்கு ஐந்தாறு போதும். மதுராந்தகத்துக்கு ஒன்பது என்பதே கொஞ்சம் அதிகம்.

கடைசியாக வளைவு. நேர்க்கோட்டு முறையில் ட்ரோன் ஏழாம் புள்ளிக்குப் போய் நிற்கும், திரும்பும், பிறகு கிளம்பும். காணொளியில் அது வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். வளைவு முறையில் அது புள்ளிக்குப் போகாமலே மூலையை வெட்டிக்கொண்டு திரும்பிவிடும், ஸ்டாப்பில் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக் கடந்துபோகும் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்போல. நிற்காத இடத்தில் ஆள் இறங்க முடியாது அல்லவா, அதனால்தான் லிட்சியில் வளைவு முறையைத் தேர்ந்தெடுத்தால் புள்ளியில் நின்று படமெடு, இத்தனை நொடி காத்திரு போன்ற கட்டளைகள் வேலை செய்யாது. மதகின் நேர் மேலே போயாக வேண்டும் என்றால் வளைவைச் சின்னதாக வைக்க வேண்டும், அல்லது புள்ளியைக் கொஞ்சம் அப்பால் தள்ளி வைக்க வேண்டும். ஏமாற்று வேலைதான், ஆனால் எல்லாரும் செய்வது.

இப்போது புள்ளி போனைவிட்டுப் புறப்படுகிறது. எங்கே போகிறது என்பதில் இரண்டு சாதி இருக்கிறது.

ஃபாண்டம், பழைய மேவிக் போன்றவற்றில் ஒன்பது புள்ளியும் ரேடியோ வழியாக ட்ரோனுக்குள்ளேயே ஏறிவிடும். ட்ரோன் சரிபார்க்கும்: இரண்டு புள்ளிக்கு நடுவே அரை மீட்டருக்குக் குறைவா, இரண்டு கிலோமீட்டருக்கு அதிகமா, வேகம் நொடிக்கு 15 மீட்டரைத் தாண்டுகிறதா. ஒன்று தப்பினாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும். ஏற்றுக்கொண்டபிறகு போன் அணைந்தாலும் அதற்குக் கவலையில்லை. சிக்னல் போனால் திட்டத்தைத் தொடர்வதா, வீடு திரும்புவதா என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

மினி 2, ஏர் 2எஸ் போன்றவை அடுத்த சாதி. இவற்றில் புள்ளிகளை உள்வாங்கும் வசதியை நிறுவனம் வெளியாட்களுக்குத் திறந்துவிடவில்லை. லிட்சி என்ன செய்தது என்றால், திட்டத்தைப் போனிலேயே வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கை ரிமோட்டின் குச்சிகளை அசைப்பது போல நொடிக்குப் பலமுறை கட்டளை அனுப்பியது. பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் பறக்கும். ஆனால் மூளை கரையில் நிற்கிற ஆளின் கையில் இருக்கிறது. பனைகளுக்குப் பின்னால் சிக்னல் அறுந்தால் திட்டமும் அறுந்தது. ட்ரோன் வீடு திரும்பும் முறைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் போனில் அழைப்பு வந்து ஆப் பின்னால் போனாலும் சிக்கல்தான். வாங்கும்போது விற்பவர் இதைச் சொல்வது அபூர்வம்.

2023-ல் வந்த ஏர் 3, மினி 4 ப்ரோ முதலியவற்றில் டிஜேஐயின் ஃப்ளை ஆப்பிலேயே வேபாயிண்ட் மறுபடி வந்தது. மூளை மறுபடி ட்ரோனுக்கே போனது, ஆனால் வீட்டுக் கணினியில் போட்ட திட்டத்தை உள்ளே கொண்டுவர வழி வைக்கவில்லை. பயனர்கள் நோண்டிக் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. ஆப்பில் பெயருக்கு ஒரு பொய்த் திட்டம் போட்டுச் சேமிக்க வேண்டும். பிறகு போனைக் கணினியோடு கேபிளில் இணைத்து, ஆப்பின் கோப்புறைக்குள் நுழைந்தால் நீளமான எழுத்துக் குப்பையைப் பெயராகக் கொண்ட ஒரு கேஎம்இசட் கோப்பு கிடக்கும். நம் உண்மையான திட்டத்துக்கு அதே குப்பைப் பெயரை வைத்து அதன் மேல் ஒட்டிவிட வேண்டும். திரும்ப ஆப்பைத் திறந்தால், குயில் முட்டையைக் காகம் அடைகாப்பதாகத்தான் சொல்ல வேண்டும். ஆப் தன்னுடையது என்று நினைத்து ஏழாம் புள்ளியையும் சேர்த்து ட்ரோனுக்கு அனுப்பிவிடும்.

அந்தக் கேஎம்இசட் கோப்புக்கும் பூர்வீகம் உண்டு. கேஎம்எல் கோப்பைச் சுருக்கி மூட்டை கட்டியதுதான் அது. கேஎம்எல்-ல் உள்ள முதல் எழுத்து கீஹோல் என்ற நிறுவனத்தைக் குறிக்கும். அமெரிக்க உளவு விண்கோள்களின் பெயரைத் தழுவி அந்த நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார்கள். 2003-ல் அமெரிக்க உளவுத்துறையோடு தொடர்புடைய இன்-க்யூ-டெல் அதில் முதலீடு செய்தது. 2004-ல் கூகுள் வாங்கியது. கூகுள் எர்த் பிறந்தது. 2008-ல் கேஎம்எல் சர்வதேச பொதுத் தரமானது. வானிலிருந்து உளவு பார்த்தவர்களின் பெயர் கொண்ட கோப்பு வகையில் ஏறித்தான் மதுராந்தகத்து மதகுப் புள்ளி வானத்துக்குப் போகிறது.

பறப்பு நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஏரி மேல் காற்று இருந்தால் ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு கோட்டைப் பிடித்துக்கொள்ளும். எதிர்க்காற்றில் பேட்டரி கணக்கை மீறித் தீரும், ஆகவே காற்றை எதிர்த்துப் போய்க் காற்றோடு திரும்புகிற மாதிரிப் பாதை போடுவது வழக்கம். ஃபாண்டம் 4 வகை ட்ரோன் ஜிபிஎஸ்-ஐ மட்டும் நம்பி நிற்கும்போது பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் வரை அலையும் என்று அதன் கையேடே சொல்கிறது. காணொளிக்கு அது பெரிய விஷயமில்லை. சென்டிமீட்டர் வேண்டும் என்பவர்களுக்கு 2018-ல் ஃபாண்டம் 4 ஆர்டிகே வந்தது. தரையில் ஒரு நிலையத்தை வைத்து ஜிபிஎஸ் பிழையை உடனுக்குடன் திருத்திக்கொள்வது. விலையும் அதற்கேற்ப.

கையால் ஓட்டும் நல்ல விமானி இதைவிட அழகாகவே ஒருமுறை பறக்கவிடுவார். புள்ளியின் மதிப்பு இரண்டாம் முறையில்தான் தெரியும். சித்திரையில் ஏரி வெடித்துக் கிடக்கும்போது ஒரு தடவை, கார்த்திகையில் கலங்கல் வழியும்போது ஒரு தடவை, அதே ஒன்பது புள்ளி, அதே கேமராக் கோணம். இரண்டு காணொளியையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் கரை நகராமல் நிற்கும். தண்ணீர் மட்டும் ஏறும். கட்டுமான நிறுவனங்கள் மாதாமாதம் பணம் கொடுப்பது இதற்குத்தான். கரை அரிப்பு, மணல் அள்ளல், ஆக்கிரமிப்பு என்று கண்காணிக்கிறவர்களுக்கும் ஒருமுறை அழகாக எடுத்த படத்தைவிட ஒரே இடத்திலிருந்து ஆறுமுறை எடுத்த சாதாரணப் படம் மேல்.

அதற்கு மூன்று காரியம் செய்துவைப்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். கிளம்பும் இடத்தில் பெயின்ட் அடித்த கல், இல்லையென்றால் அசையாத ஏதாவது ஒன்று. உயரம் முழுக்க அதைப் பொறுத்தது. கோப்பின் பெயரிலேயே அந்த இடத்தையும் தேதியையும் எழுதுவது. இரண்டாம் முறை போகும்போது, முதல் பறப்பை மட்டும் இருபது மீட்டர் கூட்டி, கேமராவைக் கவனிக்காமல் பாதையை மட்டும் பார்த்து ஒருதரம் விடுவது. அந்த ஒரு பேட்டரிச் செலவில் இடையில் முளைத்த டவரும் புதிதாக இழுத்த கம்பியும் தெரிந்துவிடும். பிறகு இருபதைக் கழித்துவிட்டு உண்மையான பறப்பு. தேவைப்பட்டால் ஏழாம் புள்ளிக்கு மட்டும் 40 என்பதை 55 ஆக்கி.